அரிசி டின்னுக்குள் சார்ஜர்

மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படாமல் சார்ஜரை ஒளித்து வைக்க என் வீட்டில் ஒரே ஒரு இடம்தான் உண்டு. அரிசி டின். அவருடைய இருமல் சத்தம் வாசலில் கேட்டதும் சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கி, அரிசிக்குள் அழுத்தி, மூடியைப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்பேன். சாமி கும்பிடுகிற வீட்டில் இப்படிப் பொய்யாக நிற்கிறோமே என்று மனசு உறுத்தும். ஆனால் வேறு வழியில்லை. அந்த மனுஷனின் நல்ல மனசிலிருந்து என் பெண்ணின் சைக்கிள் விளக்கை நான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் வேலை செய்கிற பீங்கான் யூனிட்டில் அவர் சூளைக்காரர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன், என் மகள் மாமா என்பாள். இங்கேயும் அது போதும், பேர் வேண்டாம்.

யூனிட்டில் எனக்கு அகல் விளக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்து, ஓரம் துடைத்து, பலகையில் அடுக்கி வைக்க வேண்டும். பலகை சூளைக்குள் போவதற்கு முன்னால் அவருடைய கன்னத்துக்குப் போகும். ஆமாம், கன்னத்துக்குத்தான். பலகையிலிருந்து ஏதாவது ஒரு விளக்கை எடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் ஒட்டி வைப்பார். மண்ணுக்குள் ஈரம் மிச்சம் இருந்தால் கன்னத்துக்குச் சில்லென்று தெரியும். கை காய்ப்புக் காய்த்துப் போனது, அதற்கு ஒன்றும் தெரியாது என்பார்.

"குளிருது."

அந்த ஒரு வார்த்தைதான். பலகை எங்களுக்கே திரும்பி வந்துவிடும். ஈரத்தோடு சூட்டில் வைத்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி விளக்கு வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும். எங்களுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அவர் காத்திருப்பது மாதிரி யாராலும் காத்திருக்க முடியாது. ஒரு கார்த்திகைக்கு முன்னால் விடாத மழை. எதுவும் காயவில்லை. முதலாளி சூளை முன்னால் வந்து நின்று சத்தம் போட்டார்.

"கார்த்திகை முடிஞ்சப்புறம் அகல் விளக்க வச்சிக்கிட்டு நான் என்னய்யா பண்றது?"

"குளிருதுங்க."

"எனக்குந்தான் குளிருது. மழை பெஞ்சா குளிராதா?"

நாங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு விளக்கை எடுத்துக் கன்னத்தில் வைத்தார். அன்றைக்குச் சூளை பற்ற வைக்கவில்லை. மறுநாளும் இல்லை.

இதே மனுஷன் தெருவுக்கு வந்தால் வேறு ஆள். வீட்டில் அவரால் ஒரு நிமிஷம் காத்திருக்க முடியாது. அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அண்ணி சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே புலம்புவார். "சோத்துப் பானை மூடிய தொறந்து தொறந்து பாக்கறாரும்மா. ஆவியெல்லாம் போனா அரிசி எப்பிடி வேவும்?"

"சூளைய மட்டும் தொறக்கவே மாட்டேங்கறாரே அண்ணி."

"சூளை அவுங்க வூட்டு ஆளு. நான் யாரு வூட்டுப் பொண்ணோ."

பஸ் ஸ்டாண்டில் நின்றால் பஸ் வரும்வரை நிற்க மாட்டார், அடுத்த ஸ்டாப்புக்கு நடப்பார். நடுவழியில் பஸ் அவரைத் தாண்டிப் போகும். யார் வீட்டிலாவது மிக்ஸி நின்றுவிட்டது, ஃபேன் சுற்றவில்லை என்று காதில் விழுந்தால் போதும், கையை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார். "குடு, இப்பவே பாத்துடலாம்." இந்த வார்த்தையைக் கேட்டால் எங்கள் தெருவில் பெண்கள் மிக்ஸியை முந்தானைக்குள் மறைப்பார்கள். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் முதலில் ஓடிவந்து ஆட்டோ பிடிப்பவரும் அவர்தான்.

என் மகள் அப்போது ப்ளஸ் டூ. நர்ஸிங் சேர வேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தாள். அதற்கு மார்க் வேண்டும், மார்க்குக்கு ஸ்பெஷல் கிளாஸ் போக வேண்டும். கிளாஸ் விடும்போது இருட்டிவிடும். ஸ்கூலில் கொடுத்த சைக்கிளில்தான் வருவாள். ரயில்வே லைன் ஓரமாக வருகிற ரோடு, பாதித் தூரத்துக்குத் தெரு விளக்கு கிடையாது, களிமண் லாரிகள் போகிற வழி. என் வீட்டுக்காரர் வேப்பூரில் ஹைவே ஓட்டலில் பரோட்டா போடுகிறார். லீவு கிடைத்தால்தான் வீட்டுக்கு வருவார். ஹைவேயில் லாரிகள் வருகிற வேகத்தைத் தினமும் பார்க்கிறவர். போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"லைட்டு எரிஞ்சா போவட்டும். எரியலன்னா ஸ்பெஷல் கிளாஸே வாணாம். புள்ள முழுசா வூடு வந்து சேரணும். அதான் எனக்கு மார்க்கு."

அவர் சொன்னதைத் தப்பு என்று சொல்ல முடியாது. அதனால் கடைத்தெருவில் ஒரு விளக்கு வாங்கினேன். ஹேண்டில் பாரில் மாட்டிக்கொள்ளலாம், செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் போடலாம். நல்ல வெளிச்சம். மகளின் படிப்பு மொத்தமும் அந்தச் சின்ன டப்பாவில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் முதல் பெரிய மழை. மறுநாள் காலையில் சார்ஜ் போட்டால் சிவப்புப் பொட்டு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மினுக்கியது. "என்னடி இது, கண்ணடிக்குது" என்று மகளிடம் கேட்டது தப்பாகப் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் காது இருந்தது.

"குடு, இப்பவே பாத்துடலாம்."

ஒயர் குத்துகிற ஓட்டைக்கு ரப்பரில் ஒரு சின்ன மூடி இருந்தது. ஈர விரலுக்கு அது வழுக்கியது. நகத்தால் நெம்பினார், பல்லால் இழுத்தார். அவ்வளவுதான் அவருடைய பொறுமை. அண்ணியிடம் பிளேடு வாங்கி வந்து மூடியை அடியோடு அறுத்துப் போட்டார்.

"ஏண்ணே அறுத்துட்டீங்க?"

"மூடி வச்சா ஈரம் உள்ளயே நிக்கும் தங்கச்சி. தொறந்து கெடந்தா காத்து போவும், காயும். மண்ணும் அப்பிடித்தான்."

கேட்க ஞாயமாகத்தான் இருந்தது. ஊதினார், உதறினார், ஒயரைக் குத்தினார். சிவப்புப் பொட்டு நிலையாக நின்றது. பரிசு விழுந்தவர் மாதிரி எங்களைப் பார்த்தார். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு மழை வருகிற ஒவ்வொரு முறையும் விளக்குக்கு ஏதாவது வந்தது. ஒருநாள் மங்கலாக எரியும். ஒருநாள் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டும் பாதி வழியில் நின்றுவிடும். ஒயரின் முனையில் பச்சையாகப் பூத்திருக்கும். இதில் என்ன கொடுமை என்றால், எது கெட்டது என்று கண்டுபிடிக்க அவர் விடமாட்டார். ஒயரை மாற்றுவார், அதோடு சார்ஜரை மாற்றுவார், அதே மூச்சில் வேறு ப்ளக்கில் குத்துவார். எரிந்துவிட்டால் கிளம்பிவிடுவார். எதை மாற்றியதால் எரிந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் போன பிறகு நான் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். சார்ஜரில் என் போனைப் போட்டுப் பார்ப்பேன். போன் ஏறினால் சார்ஜரும் ஒயரும் நல்லது. அப்படியென்றால் விளக்கில்தான் கோளாறு. அதைத் துணியில் துடைத்து ஃபேனுக்குக் கீழே வைப்பேன். காய்ந்து முடிவதற்குள் வாசலில் இருமல் கேட்கும்.

"எரியுதா? குடு, பாக்கலாம்."

"காயட்டும்ணே. ஈரத்தோட கரண்டு குடுக்கக் கூடாதாம்."

"ஈரமா இருக்குதா இல்லியான்னு கரண்டு குடுத்தாதான தெரியும்?"

இப்படிப் பேசுகிறவரிடம் என்ன சொல்வது? யூனிட்டில் என் பலகையைத் திருப்பி அனுப்பிவிட்டு, சாயங்காலம் என் வீட்டில் நின்றுகொண்டு இதைச் சொல்வார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

எங்கள் வீட்டுச் சுவர் மழையில் ஓதம் அடிக்கிற சுவர். ப்ளக்கைத் தொட்டாலே விரலில் ஜிவ்வென்று இழுக்கும். அதில் ஈர ஒயரோடு சார்ஜரைக் குத்தினார் ஒருநாள். டப் என்றது. பிளாஸ்டிக் கருகிய வாசனை. சார்ஜர் போயிற்று.

"சார்ஜரு மட்டமான சார்ஜரு" என்றார். உடனே போய்த் தன் வீட்டுச் சார்ஜரைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணியிடம் சொல்லவில்லை. மறுநாள் அண்ணியின் போன் செத்துக் கிடந்தது. "உம் பொண்ணு வூட்டுக்கு வெளிச்சம் வரணும்னு எம் வூட்ட இருட்டாக்கிட்டாரும்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதையும் நான்தான் கேட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் அரிசி டின் யோசனை வந்தது. முதல் முறை ஒளித்து வைத்தபோது வீடெல்லாம் தேடினார்.

"சார்ஜரு எங்க தங்கச்சி?"

"இங்கதாண்ணே வச்சேன். காணும்."

பீரோ மேலே பார்த்தார். சாமி அலமாரிக்குக் கீழே குனிந்து பார்த்தார். அப்புறம் அடுப்படிக்கு வந்தவர் நின்றுவிட்டார். டின் மூடி இடுக்கில் ஒயர் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் மூடியைத் திறந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அரிசில போட்டு வச்சியா? அரிசி ஈரத்த இழுத்துக்கும். பரவால்ல தங்கச்சி, நீயும் கத்துக்கிட்ட."

சார்ஜரை உருவி, ஒட்டியிருந்த தவிட்டோடு அப்படியே சுவரில் குத்தினார்.

விளக்கின் கதை முடிந்தது யூனிட்டில். முந்தின நாள் மழையில் மகள் நனைந்து வந்திருந்தாள். வீட்டில் காய வைத்தால் இவர் வந்துவிடுவார் என்று பயந்து, விளக்கை என் பையில் போட்டு வேலைக்கே எடுத்துப் போனேன். பேக்கிங் பக்கம் இருக்கிற ஃபேனில் வைக்கலாம் என்று நினைத்தேன். பையிலிருந்து எடுக்கும்போதே பார்த்துவிட்டார்.

"ஃபேனு காத்துல என்னிக்குக் காயறது? குடு. சூளை மேல வச்சா இப்பவே காஞ்சிடும்."

வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் யூனிட்டில் எது நனைந்தாலும் சூளை மேல்தான் வைப்போம். சூளைக் கூரைக்கு மேலே தட்டையான இடம், எப்போதும் இதமான சூடு. மழையில் நனைந்த முந்தானை, பிள்ளைகளின் யூனிஃபார்ம், செருப்பு, ஆறிப்போன சோற்று டப்பா, எல்லாம் அங்கேதான் போகும். அதனால் யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. பேட்டரி என்பது செருப்பு இல்லை என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வேலை விடுகிற நேரத்தில் போய்ப் பார்த்தால், விளக்கு ராத்திரி ஊற வைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடந்தது. பின்பக்கம் பிளந்து, தித்திப்பும் நாற்றமும் கலந்த ஒரு வாடை. அவர் நீளக் குச்சியால் அதைத் தள்ளி வெளியே மணல் குவியலில் விட்டார். என்னால் தாங்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"ஒரு அகலு. கால் காசு பெறாத மண்ணு. அதக் கண்ண மூடிக்கிட்டுக் கன்னத்துல வச்சிப் பாக்கறீங்க. நாள்கணக்கா காக்க வக்கிறீங்க. எம் பொண்ணு லைட்ட ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அப்பிடி வச்சிப் பாத்தீங்களாண்ணே?"

குச்சியால் கொஞ்சம் மணலை அதன் மேல் தள்ளினார்.

"அகலு பலகையிலயே இருக்கும் தங்கச்சி. எம்மாம் நாளு வேணா இருக்கும். புள்ள ரோட்டுல இல்ல வருது."

வெறும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

அன்றைக்கு மகள் விளக்கில்லாமல்தான் வந்தாள். போனில் அப்பாவிடம் அவளே சொல்லிவிட்டாள், பொய் சொல்லத் தெரியாத பெண். நாளையிலிருந்து நின்றுவிடு என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அவள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை.

யூனிட்டில் கூட வேலை செய்கிறவள் கிண்டல் பண்ணினாள். "பேசாம கொளஞ்சியப்பர் கோயில்ல அவரு மேல பிராது கட்டிடு." எங்கள் பக்கத்தில் தீராத குறை என்றால் அந்த முருகனிடம் எழுதிக் கட்டிவிட்டு வருவார்கள், சாமி விசாரிப்பார் என்று நம்பிக்கை. அவள் சிரித்துக்கொண்டு சொன்னாலும் நான் நிஜமாகவே யோசித்தேன். ஆனால் என்னவென்று எழுதுவது? என் மகள் மேல் வைத்த பாசத்தால் அவள் விளக்கைக் கெடுக்கிறார் என்றா? சாமிக்கே குழப்பமாக இருக்கும். அதை விட்டுவிட்டு பழமலைநாதர் கோயிலுக்குப் போய், படி இறங்கி ஆழத்துப் பிள்ளையார் முன்னால் நின்றேன். என் பெண்ணுக்கு வழியில் வெளிச்சம் கொடு அப்பா என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்காரரிடம் கெஞ்சி இன்னொரு விளக்குக்குச் சம்மதம் வாங்கினேன். "இதான் கடைசி" என்றார். கடைக்காரர் புது விளக்கை எடுத்துக் காட்டி, ரப்பர் மூடியை விரலால் அழுத்தினார். "மழையில இது மட்டும் தொறந்திருக்கக் கூடாதும்மா. இது இருக்கறவரைக்கும் தண்ணி உள்ள போவாது."

கடையில் நின்றபடியே எனக்கு அந்தப் பிளேடு ஞாபகம் வந்தது. முதல் மழையில் மூடி சரியாக அழுந்தாமல் இருந்திருக்கும், அதற்கப்புறம் வந்த அத்தனை தொல்லைக்கும் காரணம் அந்த ஒரு அறுப்பு. உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "அப்பிடியா?" என்றார். புது விளக்கை வாங்கி, மூடியை அவரும் விரலால் அழுத்திப் பார்த்தார்.

புது விளக்கு ஒழுங்காகத்தான் இருந்தது, மகள் ஒருநாள் ஸ்கூலில் சார்ஜ் போட்டுவிட்டு மூடியை அழுத்த மறக்கும்வரை. அன்றைக்குப் பார்த்து ரோடு தெரியாத மழை. வீட்டுக்குள் வந்து விளக்கை எடுத்தால், மினுக், மினுக். இரண்டு பேரும் மூச்சு விடாமல் இருந்தோம். ஆனாலும் இருமல் கேட்டுவிட்டது. அரிசி டின்னுக்கு ஓட நேரமில்லை.

"குடு, இப்பவே பாத்துடலாம்."

நீட்டிய கையில் விளக்கை வைத்தேன். விரல்களை மட்டும் எடுக்கவில்லை.

"கன்னத்துல வச்சிப் பாருங்கண்ணே."

என்னைப் பார்த்தார். பழக்கம் அவர் கையைத் தானாகத் தூக்கியது. விளக்கைக் கன்னத்தில் ஒட்டிக் கண்ணை மூடினார். யூனிட்டில் பார்க்கிற அதே முகம். என் வீட்டுக்குள் அந்த முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"குளிருது" என்றார்.

அவரே அதைத் துடைத்து, ஓட்டை கீழே பார்க்கும்படி சாமி அலமாரியில் சாய்த்து வைத்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார். "காயட்டும். யாரும் அவசரப்பட்டுத் தொட்டுடாதீங்க."

யார் யாரிடம் சொல்வது என்று எனக்கு வாய்வரை வந்தது.

மறுநாள் ஸ்கூல் லீவு, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் மட்டும் உண்டு. காலையில் வந்து கன்னத்தில் வைத்துப் பார்த்தார். குளிருது. மத்தியானம் வந்தார். குளிருது. ஸ்பெஷல் கிளாஸ் நேரம் நெருங்கிவிட்டது. மகள் பையை மாட்டிக்கொண்டு விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நான் முன்னால போறேன். புள்ள என் பின்னாலயே வரட்டும்" என்றார். மழையில் எதுவும் காயாததால் சூளையும் பற்ற வைக்காமல்தான் கிடந்தது.

"உங்க சைக்கிள்லயும் லைட்டு கெடயாதேண்ணே."

"பெல்லு இருக்குது."

அன்றைக்குத் திரும்பி வரும்போது, ஆள் தெரிவதற்கு வெகு முன்னாலேயே சத்தம் வந்துவிட்டது. ரயில்வே லைன் ரோட்டிலிருந்து எங்கள் தெருமுனை வரைக்கும் விடாமல் மணி. நடுநடுவே லாரிக்காரர்களைப் பார்த்துக் கத்தல். "புள்ள வருது, ஓரமா போ." தெரு நாய்கள் எல்லாம் பின்னால் குரைத்துக்கொண்டு வந்தன. மகள் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அம்மா, மாமா வாணாம்மா. கிளாஸு முடியறதுக்குள்ளயே ஜன்னலுக்கு வெளிய நின்னு பெல்லடிக்கறாரு. மிஸ்ஸு யாரு அந்த ஆளுன்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எங்க மாமான்னேன். வேற என்ன சொல்றது?"

விளக்கு காய்ந்தது. மூடியை அழுத்தி மாட்டினாள். நன்றாக எரிந்தது. அப்படியும் மறுநாள் அவர் சைக்கிளோடு வாசலில் நின்றார்.

"லைட்டுதான் எரியுதேண்ணே. நீங்க ஏன் நனையறீங்க?"

"எரியுது. எம்மாம் நேரம் எரியும்னு யாருக்குத் தெரியும்?"

லீவில் வந்த என் வீட்டுக்காரர் ஒருநாள் தெருமுனையில் நின்று அந்த மணியைக் கேட்டார். மகளை நிறுத்தச் சொல்லப் போகிறாரோ என்று நான் பின்னால் பயந்துகொண்டு நின்றேன். விளக்கு வெளிச்சம் வளைவில் திரும்பியது, அதற்கு முன்னால் மணி. "காது போவுது" என்றார் திரும்பி வந்து. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போய்ட்டு வரட்டும்."

பரீட்சை முடிகிறவரை மழை நாளெல்லாம் எங்களுக்கு அந்த மணிதான். அந்த ஒவ்வொரு நாளும் மகள் என்னிடம் கோள் சொன்னாள். ஒவ்வொரு நாளும் நான் அவரிடம், கிளாஸ் முடியும்வரை பொறுங்கண்ணே என்று சொன்னேன். ஒருநாளும் பொறுக்கவில்லை.

இப்போது அவர் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர் பக்கம் தன் பெண் வீட்டில் இருக்கிறார். கண் சரியில்லை, சைக்கிளை விட்டுவிட்டார் என்று அண்ணி போனில் சொன்னார். என் மகள் புதுச்சேரியில் நர்ஸிங் படிக்கிறாள். அவள் சைக்கிளில் இப்போது நான்தான் வேலைக்குப் போய் வருகிறேன், அதே விளக்கோடு.

நேற்று நல்ல மழை. விளக்கைத் துடைத்துக் கன்னத்தில் வைத்தேன். குளிர்ந்தது. சாமி அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, கை பழக்கத்தில் சார்ஜரைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் அழுத்தி மூடியைப் போட்டேன். ஒயர் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ள விரலைக் கொண்டு போனேன். தள்ளவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.